சாண்டா கிளாரா கவுன்டிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எந்த வேலைக்கு எந்த அலுவலகம்

கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுன்டியில் உள்ள சன்னிவேல் நகரத்தில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசல் தெருவில் பள்ளம் விழுந்தால் சன்னிவேல் நகராட்சியிடம் சொல்ல வேண்டும். அங்கிருந்து லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் ஏறியதும் இன்னொரு பள்ளம் இருந்தால் அது கவுன்டியின் சாலைத் துறை பார்க்க வேண்டியது. 101 நெடுஞ்சாலையில் இருந்தால் மாநில அரசின் சாலைத் துறையான கால்டிரான்ஸ். மூன்று பள்ளத்துக்கு மூன்று அரசுகள். புதிதாக வருகிறவர்கள் இங்கே இழக்கும் நேரத்தில் பெரும்பகுதி தவறான அரசின் கதவைத் தட்டுவதில்தான் போகிறது. அங்கிருக்கும் ஊழியர் மரியாதையாகவே பேசுவார், ஆனால் "அது எங்கள் வேலை இல்லை" என்று அனுப்பிவிடுவார்.

கவுன்டி என்றதும் நம் மனதில் மாவட்டம்தான் வரும். பரப்பளவில் ஒப்பிடலாம், நிர்வாகத்தில் முடியாது. இங்கே கலெக்டர் கிடையாது, இலங்கையில் உள்ளதுபோல் கச்சேரியும் அரசாங்க அதிபரும் கிடையாது. தொகுதிகளாகப் பிரித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து சூப்பர்வைசர்கள் கொண்ட வாரியம்தான் கவுன்டியை ஆள்கிறது. அன்றாட நிர்வாகத்துக்கு அவர்கள் ஒரு கவுன்டி எக்ஸிக்யூட்டிவை நியமிக்கிறார்கள். ஷெரிஃப், மாவட்ட அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளரான அசெஸர் ஆகியோரை மக்கள் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்டிக்குள் 15 நகரங்கள் உண்டு. தண்ணீர், குப்பை, தெரு, பூங்காவில் பெரும்பகுதி நகரத்துடையவை. ஓட்டுநர் உரிமம் மாநிலத்துடையது. பள்ளி, தனி உள்ளாட்சி அமைப்பான பள்ளி மாவட்டத்துடையது, அதன் எல்லை நகர எல்லையோடு ஒத்துப்போகாது. சான் ஹோசேயில் குடியிருந்துகொண்டு குப்பர்டினோ யூனியன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் ஏராளம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் கதவிலக்கத்தோடு தேடிப் பாருங்கள். வீட்டு ஏஜென்ட் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

மிச்சமிருக்கும் கனமான வேலையெல்லாம் கவுன்டியின் தலையில்: பொது மருத்துவமனை, பொதுச் சுகாதாரம், சமூகநல உதவி, பிறப்பு இறப்பு திருமணப் பதிவு, சொத்துவரி, சிறை, தேர்தல், உணவகச் சோதனை. கிராம சேவகரோ வி.ஏ.ஓ.வோ இல்லாததால் இருப்பிடச் சான்று என்று தனியாக யாரும் எழுதித் தர மாட்டார்கள். உங்கள் பெயரில் உள்ள வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும்தான் சான்று. அதனால் வீட்டுக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே மின்கணக்கைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் போடுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் மற்றவருக்கு நூலக அட்டையிலிருந்து பள்ளிச் சேர்க்கைவரை ஒவ்வொன்றிலும் இழுபறிதான்.

பள்ளியில் சேர்க்குமுன்: தடுப்பூசி அட்டை

ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது தமிழ்க் குடும்பங்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது, அட்டையும் கையில் இருக்கிறது, இருந்தும் பள்ளி ஏற்பதில்லை. கலிஃபோர்னியா விதி நம் ஊர் அட்டவணையோடு சில இடங்களில் மோதுவதே காரணம்.

முதல் மோதல் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். ஊசி. இங்கே இரண்டு டோஸ் வேண்டும், இரண்டும் முதல் பிறந்தநாளிலோ அதற்குப் பிறகோ போட்டிருக்க வேண்டும். நம் ஊரில் ஒன்பதாவது மாதத்தில் போட்ட ஊசி கணக்கில் வராது. அதைச் சேர்த்து இரண்டு என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று குறையும். இரண்டாவது மோதல் போலியோ சொட்டு மருந்து. 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த வாய்வழிச் சொட்டு மூன்று வகை வைரஸுக்குமானது அல்ல என்பதால் இங்கே அதை எண்ணுவதில்லை, ஊசியாகப் போட்டதுதான் கணக்கு. சின்னம்மைக்கு இரண்டு டோஸ் தேவை. நம் ஊரில் அரசு மையத்தில் மட்டும் ஊசி போட்ட குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். ஹெபடைடிஸ் பி மூன்று. கக்குவான், தொண்டை அடைப்பான், ரணஜன்னி சேர்ந்த ஊசி ஐந்து. அதில் ஒன்று நான்கு வயதுக்குப் பிறகு போட்டதாக இருந்தால் நான்கே போதும். ஏழாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அதே மூன்று நோய்க்குமான டிடாப் பூஸ்டர் தனியாக வேண்டும். சொந்த நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்குக் கேட்கும் வழி 2016லேயே மூடப்பட்டுவிட்டது.

அடுத்தது காசநோய். சேர்க்கையின்போது காசநோய் அபாய மதிப்பீட்டுப் படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி வாங்கி வரும்படி இந்தக் கவுன்டி கேட்கிறது. இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்த பிள்ளைக்குச் சோதனையும் எடுக்கச் சொல்வார்கள். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலே 'பாசிட்டிவ்' காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, மருத்துவரிடம் இன்னொரு முறை, பள்ளி திறப்பு தள்ளிப்போவது என்று இழுக்கும். ஆகவே முதலிலேயே "பி.சி.ஜி. போட்டிருக்கிறது, ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுங்கள்" என்று கேளுங்கள். பி.சி.ஜி. அதைக் குழப்பாது. இதற்கெல்லாம் மருத்துவர் நேரம் வேண்டும், ஆகஸ்டில் அது கிடைப்பது கஷ்டம். ஜூனிலேயே முடித்துவிடுங்கள். ஊரிலிருந்து கிளம்பும்போது தடுப்பூசி அட்டையில் தேதி, மருந்தின் பெயர், மருத்துவமனை முத்திரை மூன்றும் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். தேதி இல்லாத டோஸ் இங்கே போடாத டோஸ்தான்.

குழந்தை பிறந்தால், கல்யாணம் என்றால்

பிறப்புச் சான்றிதழுக்கான தகவலை மருத்துவமனையிலேயே ஓர் ஊழியர் வந்து எழுதிக்கொள்வார். பிரசவ அசதியில் நிறையப் பேர் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். நம் பெயர் முறை அவர்களுக்குப் புரியாது: இனிஷியலா, தந்தை பெயரா, குடும்பப் பெயரா? அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் கட்டம் காலியாக இருந்தால் எல்லா இடத்திலும் குழப்பம் தொடரும். குழந்தைக்கு முதற்பெயர் எது, கடைசிப் பெயர் எது என்று பிரசவத்துக்கு முன்பே ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியலை மட்டும் கடைசிப் பெயராகப் போடாதீர்கள். பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டுமென்றால் விண்ணப்பம் மாநிலத் தலைமையகத்துக்குப் போகும், மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பாஸ்போர்ட் வேலை நகராது.

சான்றிதழ் தானாக வீட்டுக்கு வராது, பணம் கட்டிக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு வகை உண்டு. 'அதரைஸ்டு' நகல்தான் பாஸ்போர்ட்டுக்கும், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கும் செல்லும். 'இன்ஃபர்மேஷனல்' நகலில் அடையாளச் சான்றாக ஏற்கத்தக்கதல்ல என்று குறுக்கே அச்சிட்டிருக்கும். தபாலில் அதரைஸ்டு நகல் கேட்டால் உறுதிமொழிப் படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நோட்டரியை விட்டுவிட்டு அனுப்பிய கவர்தான் அதிகம் திரும்பி வருவது. ஊரில் காட்ட அபோஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் உறுதிச் சான்று) வேண்டுமானால் அது மாநிலச் செயலர் அலுவலகத்தின் வேலை, ஒரு ஆவணத்துக்கு 20 டாலர். சான்றிதழில் கையெழுத்திட்டவர் சுகாதார அதிகாரியாக இருந்தால் முதலில் கவுன்டி கிளார்க் அந்தக் கையெழுத்தை உறுதிசெய்ய வேண்டும். கவுன்டியின் பதிவு அதிகாரியான கிளார்க்-ரெக்கார்டர் கையெழுத்திட்ட நகல் என்றால் அந்தச் சுற்று மிச்சம். வாங்கும்போதே "அபோஸ்டிலுக்காக" என்று சொல்லி வாங்குங்கள். இரண்டு மூன்று நகல் சேர்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

திருமண உரிமத்துக்கு இருவரும் படத்துடன் கூடிய அடையாள அட்டையோடு நேரில் போக வேண்டும். உரிமம் 90 நாள் செல்லும், குறைந்தது ஒரு சாட்சி வேண்டும். கோயில் குருக்கள் நடத்தி வைக்கலாம். ஆனால் சடங்கு முடிந்து 10 நாளுக்குள் அந்தத் தாளைக் கவுன்டிக்கு அவர் திருப்பி அனுப்ப வேண்டும். பந்தி பரபரப்பில் தாள் குருக்களின் பையிலேயே தங்கிவிடுவதுண்டு, ஒரு பொறுப்பான மாமாவிடம் இதை ஒப்படையுங்கள். பெயர் மாற்றம் வேண்டுமென்றால் உரிமம் எடுக்கும்போதே எழுத வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. ஊரில் முறைப்படி பதிவு செய்த திருமணத்தை இங்கே மறுபடி பதிவு செய்ய வேண்டியதில்லை.

மருத்துவமும் உதவித் திட்டங்களும்

சாண்டா கிளாரா வேலி மெடிக்கல் சென்டர் கவுன்டியே நடத்தும் பெரிய மருத்துவமனை. 2019ல் ஓ'கானர், செயின்ட் லூயிஸ் இரண்டையும் கவுன்டி வாங்கியது. வேலைவழிக் காப்பீடு உள்ளவர்கள் தங்கள் காப்பீட்டு வலையமைப்புக்குள் போனால் போதும். அவசரம் என்றால் காப்பீடு இருக்கிறதோ இல்லையோ, எந்த அவசரப் பிரிவும் பரிசோதித்து நிலையாக்கும் கடமை கொண்டது. பில் பிறகு வரும். பயந்து ஒளித்து வைக்காதீர்கள். குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 400 சதவீதத்துக்குள் இருந்தால் கலிஃபோர்னியா மருத்துவமனைகள் தள்ளுபடியோ முழு விலக்கோ தரும் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பில் கட்டும் முன் நிதி உதவிப் படிவம் கேளுங்கள்.

வேலை போய்விட்டால் காப்பீடும் போகும். அன்றிலிருந்து 60 நாளுக்குள் மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையான கவர்டு கலிஃபோர்னியாவில் சேரலாம். வருமானம் குறைந்திருந்தால் 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடி-கால் கிடைக்கும், 2016 முதல் பிள்ளைகளுக்கு விசா நிலை தடையில்லை. வறுமைக்கோட்டின் 266 சதவீதம்வரை வருமானம் இருக்கலாம். விண்ணப்பம் பெனிஃபிட்ஸ்கால் இணையதளத்திலோ கவுன்டி சமூகசேவை நிறுவனத்தின் அலுவலகத்திலோ. முடிவுக்கு 45 நாள்வரை ஆகலாம். தாமதத்துக்கு முக்கியக் காரணம் ஊழியரின் சோம்பல் அல்ல, அவர் கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு நாம் பதில் போடாததுதான். கவுன்டி இன்னமும் தபாலில்தான் வாழ்கிறது. அஞ்சல் பெட்டியில் பெயர் எழுதுங்கள், வீடு மாறினால் அன்றே முகவரியைச் சொல்லுங்கள்.

கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள் பண உதவித் திட்டம் எதிலும் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள், இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு மெடி-கால் பொருந்தாது, பயணக் காப்பீடு வாங்கித்தான் அழைத்து வர வேண்டும். கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் டபிள்யூ.ஐ.சி. என்ற சத்துணவுத் திட்டம் இருக்கிறது. வறுமைக்கோட்டின் 185 சதவீத வருமானம்வரை சேரலாம், குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை. அந்த அட்டையில் பருப்பும் டோஃபுவும் வாங்கலாம் என்பதால் சைவக் குடும்பங்களும் தயங்க வேண்டியதில்லை.

மொழி ஒரு தடை இல்லை. மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இலவசமாகச் சேர்த்துத் தருவார்கள். ஆனால் கேட்க வேண்டும், "தமிழ்" என்றே கேட்க வேண்டும். "இந்தியன்" என்றால் இந்தி பேசுபவர் வருவார். மருத்துவ விஷயத்தில் பத்து வயதுப் பேரனை மொழிபெயர்க்க வைப்பது ஆபத்து. தாத்தா தன் உடல்நிலையைப் பிள்ளை முன் முழுதாகச் சொல்ல மாட்டார்.

இதே கூச்சம் இன்னோரிடத்தில் பெருநஷ்டம் செய்யும். மெடி-கால் உள்ள முதியவர் வீட்டிலேயே இருந்து பராமரிப்புப் பெற ஐ.எச்.எஸ்.எஸ். என்ற திட்டம் உண்டு. பெரும்பாலும் சொந்த மகனோ மகளோ மருமகளோகூடப் பராமரிப்பாளராகப் பதிவுசெய்து மணிக்கணக்கில் சம்பளம் பெறலாம். மருத்துவர் கையெழுத்திட்ட எஸ்.ஓ.சி. 873 படிவம் கொடுத்ததும் கவுன்டி சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, துவைப்பது, கடைக்குப் போவது, மருத்துவரிடம் கூட்டிப்போவது என ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று கேட்டு எழுதுவார். மாத உச்சவரம்பு 283 மணி. வந்தவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, "எனக்கு ஒண்ணும் இல்லை, நானே எல்லாம் பண்ணிக்குவேன்" என்று பாட்டி கௌரவத்துக்குச் சொல்வார். பணியாளர் அப்படியே எழுதிக்கொள்வார், மணி குறைந்துவிடும். மிகைப்படுத்தச் சொல்லவில்லை. மோசமான நாளில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லுங்கள்: இரவில் எத்தனை முறை எழுப்ப வேண்டியிருக்கிறது, குளியலறையில் கடைசியாக எப்போது தடுமாறினார். ஒரு வாரக் குறிப்பு எழுதிவைத்துக் கொடுத்தால் பேச்சை நம்ப வேண்டியதில்லை. குடும்பம் முழுவதற்குமான சமையலையும் துப்புரவையும் தலைக்கு இத்தனை என்று வகுத்துத்தான் கணக்கிடுவார்கள். பாட்டிக்குத் தனியாக உப்பில்லாத சமையல் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பராமரிப்பாளராகச் சேர்பவர் கைரேகை கொடுத்து, அறிமுக வகுப்பு முடித்து, மாதத்துக்கு இரு முறை நேரப்பட்டியல் அனுப்ப வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிய ஒரு எச்சரிக்கை

ஆசிரியரும் மருத்துவரும் குழந்தை மீது வன்முறையோ புறக்கணிப்போ நடப்பதாகச் சந்தேகப்பட்டால் கவுன்டிக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. கையில் தழும்பு பார்த்து ஆசிரியர் சொல்லிவிட்டார் என்று அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. சொல்லாவிட்டால் குற்றம் அவர்மேல் விழும். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தையை வெயிலில் நிற்கும் காரிலோ, சாவி செருகிய காரிலோ 12 வயதாவது நிரம்பிய ஒருவர் இல்லாமல் விட்டுப் போவது சட்டவிரோதம். கறிவேப்பிலை வாங்க இரண்டு நிமிடம் என்பது ஒரு சமாதானம் ஆகாது. பணியாளர் வீட்டுக்கு வந்தால் கத்தாதீர்கள், அடையாள அட்டையைக் கேளுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், வழக்கறிஞரிடம் பேச விரும்பினால் சொல்லுங்கள். வீட்டுக்குள் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு, வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கும், தெற்காசியர்களுக்காகவே இந்தப் பகுதியில் 1991 முதல் இயங்கும் மைத்ரி அமைப்பு துணை நிற்கிறது.

வீடு வாங்கினால்

சொத்துவரி ஆண்டுக்கு இரண்டு தவணை. நவம்பர் 1 முதல் தவணைக்குரிய நாள், டிசம்பர் 10 தாண்டினால் 10 சதவீத அபராதம். பிப்ரவரி 1 இரண்டாவது, ஏப்ரல் 10 தாண்டினால் அபராதம். பில் வரவில்லை என்பது காரணமாக ஏற்கப்படாது. 1978ல் வந்த 13வது முன்மொழிவின்படி அடிப்படை வரி மதிப்பில் 1 சதவீதம், அதன்மேல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன்பத்திரங்கள் சேரும். மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, ஆனால் வீடு கைமாறினால் புது விலைக்கு மதிப்பிடப்படும்.

இங்கேதான் பலரையும் அதிரவைக்கும் சப்ளிமென்டல் பில் வருகிறது. விற்றவரின் மதிப்பீடு 6 லட்சம் டாலர், நீங்கள் கொடுத்தது 16 லட்சம் என்றால் வித்தியாசம் 10 லட்சம். வரி 1.2 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 12,000. அக்டோபர் நடுவில் வாங்கினால் நவம்பர் முதல் வரியாண்டு முடியும் ஜூன்வரை எட்டு மாதத்துக்கு ஏறத்தாழ 8,000 டாலர் தனி பில்லாக வரும். ஜனவரிக்கும் மே முடிவுக்கும் இடையில் வாங்கினால் இரண்டு பில். வீட்டுக்கடன் தவணையோடு வங்கி எஸ்க்ரோ கணக்கில் வரி பிடித்தாலும் இந்தப் பில் பொதுவாக உங்களுக்குத்தான் வரும், வங்கி கட்டாது. வந்து சேரப் பல மாதம் ஆகலாம் என்பதால் அந்தத் தொகையை ஒதுக்கி வையுங்கள்.

அதே வீட்டில் குடியிருந்தால் ஹோம்ஓனர்ஸ் எக்ஸெம்ப்ஷன் என்ற வரிவிலக்கு விண்ணப்பம் ஒரு முறை கொடுத்தால் மதிப்பில் 7,000 டாலர் கழியும், ஆண்டுக்கு சுமார் 70 டாலர் மிச்சம். பிப்ரவரி 15க்குள் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. "உங்கள் பத்திர நகலைப் பெற 100 டாலர் அனுப்புங்கள்" என்று அரசு முத்திரை போன்ற தோற்றத்தில் வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள். ரெக்கார்டர் அலுவலகம் சில டாலருக்குத் தரும். மதிப்பீடு சந்தை விலையைவிட அதிகம் என்று தோன்றினால் ஜூலை 2 முதல் செப்டம்பர் 15க்குள் மேல்முறையீடு செய்யலாம். சப்ளிமென்டல் மதிப்பீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 60 நாள். முகவரியில் சான் ஹோசே என்று இருந்தாலும் சில தெருக்கள் நகர எல்லைக்குள் இல்லாத கவுன்டி நிலம். அங்கே வீட்டை இடித்துக் கட்டவும் கவுன்டியின் அனுமதிதான்.

வீட்டுப் பலகாரம் விற்க நினைப்பவர்களுக்கு

கவுன்டி சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில் வீட்டுச் சமையலறை உணவுக்கான 'காட்டேஜ் ஃபுட்' பதிவு செய்து வீட்டிலிருந்தே விற்கலாம். நேரடியாக மட்டும் விற்றால் ஏ வகை, கடைக்கும் கொடுப்பதானால் பி வகை. பி வகைக்குச் சமையலறைச் சோதனை உண்டு. மாநிலம் அனுமதித்த பட்டியலில் உள்ளதை மட்டுமே செய்யலாம். குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய எதற்கும் இடமில்லை. இட்லி மாவு, பால் இனிப்பு, சாம்பார் இதில் அடங்காது. வாட்ஸ்அப் குழுவில் மாவு விற்கிறவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. பதிவு செய்த மூன்று மாதத்துக்குள் உணவுப் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். லேபிளில் வீட்டுச் சமையலறையில் செய்தது என்ற வாசகமும் ஒவ்வாமைப் பொருள்களும் இருக்க வேண்டும். உணவக வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை ஒட்டுவதும் இதே துறைதான். மஞ்சள் என்றால் பெரிய குறை கண்டு அங்கேயே திருத்தியிருக்கிறார்கள், சிவப்பு என்றால் மூடியிருக்கிறார்கள்.

கேட்டால் கிடைப்பவை

கொல்லையில் எலி, கொசு என்றால் கவுன்டியின் கொசு, எலிக் கட்டுப்பாட்டுப் பிரிவான வெக்டர் கன்ட்ரோல் இலவசமாக வந்து பார்க்கும், தொட்டிக்குக் கொசு தின்னும் மீனும் தரும். பழைய பெயின்ட், பாட்டரி, டியூப்லைட்டைக் குப்பையில் போடக்கூடாது. முன்பதிவு செய்து கவுன்டியின் அபாயக் கழிவு மையத்தில் இலவசமாகக் கொடுக்கலாம், பாலோ ஆல்டோவுக்கு மட்டும் தனி ஏற்பாடு. காட்டுத்தீ, வெள்ளத் தகவல் தொலைபேசிக்கு வர கவுன்டியின் எச்சரிக்கைச் சேவையான அலர்ட் எஸ்.சி.சி.யில் பதிவு செய்யுங்கள். நூலகத்தில் கவனம்: குப்பர்டினோ, மில்பிடாஸ், சாரடோகா கவுன்டி நூலக மாவட்டம். சன்னிவேல், சான் ஹோசே, சாண்டா கிளாரா நகரங்களுக்குச் சொந்த நூலகம். கலிஃபோர்னியாவில் வசிப்பவர் எல்லாவற்றிலும் அட்டை எடுக்கலாம், எடுங்கள்.

நீதிமன்றத்திலிருந்து ஜூரி சம்மன் வந்தால், நீங்கள் குடிமகன் அல்லாதவர் என்றால் குடியுரிமை இல்லை என்று குறித்துப் பதில் அனுப்புங்கள், குப்பையில் போடாதீர்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யவா என்று கேட்கும் கேள்விக்குக் குடிமகன் அல்லாதவர் தவறியும் ஆம் என்று சொல்லக்கூடாது. அது பின்னாளில் கிரீன் கார்டையே பறிக்கும். குப்பர்டினோ, சாரடோகா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் மூன்றிலும் போலீஸ் வேலையைக் கவுன்டி ஷெரிஃப்தான் செய்கிறார். அவசரத்துக்கு எங்கும் 911.

எந்த ஊழியருக்கும் வேலை முடித்ததற்காகப் பணமோ பரிசுக் கூப்பனோ நீட்டாதீர்கள், அன்பாகக் கொடுத்தாலும் அது லஞ்சமாகிவிடும். ஒரு அலுவலகத்தில் வேலை நகரவில்லை என்றால் முதலில் அந்த ஊழியரின் பெயரையும் கோப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். அதிலும் நகராவிட்டால் உங்கள் பகுதி சூப்பர்வைசரின் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, வசித்தால் போதும். அங்கே இத்தகைய சிக்கல்களைத் துறைகளோடு பேசுவதற்கே ஆட்கள் இருக்கிறார்கள். வாரியக் கூட்டம் சான் ஹோசே வெஸ்ட் ஹெட்டிங் தெரு 70ஆம் எண் கட்டடத்தில் நடக்கும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பேச வருகிறவருக்கு ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும், வணக்க உரையைக் குறைத்து கோப்பு எண்ணிலிருந்தே தொடங்குங்கள்.